பழைய கைபேசிக்கு வீடியோ மாற்ற ஹேண்ட்பிரேக்: எந்த அமைப்பு, ஏன்?

பழைய கைபேசியில் ஒரு வீடியோ ஓட மறுத்தால், பெரும்பாலோர் முதலில் பழி போடுவது கோப்பின் அளவின் மீதுதான். ஒன்றரை ஜிகாபைட் கோப்பை ஐந்நூறு மெகாபைட்டாகச் சுருக்கிப் பார்ப்பார்கள். அப்போதும் படம் திக்கித் திக்கி நகரும், அல்லது குரல் மட்டும் கேட்டுத் திரை கறுப்பாகவே நிற்கும். அதன்பின் கைபேசிக்குத்தான் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் கோப்பு எத்தனை மெகாபைட் என்பது இங்கே இரண்டாம்பட்சம். கைபேசிக்குள் இருக்கும் சிப்புக்கு எந்த முறையில் சுருக்கிய படத்தை விரிக்கத் தெரியும், நொடிக்கு எவ்வளவு படத்தை அதனால் விரிக்க முடியும் என்பவையே முதல் கேள்விகள். இந்த இரண்டுக்கும் ஏற்றபடி ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியாகத் திருத்த இடங்கொடுக்கும் இலவச மென்பொருள்களில் ஹேண்ட்பிரேக்கையே நான் முதலிடத்தில் வைப்பேன். ஆனால், நிறுவிய கையோடு தொடக்கப் பொத்தானை அழுத்தினால் பழைய கைபேசிக்கு உகந்த கோப்பு கிடைத்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அது தானாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் முன்னமைவு (தயாராக வைத்த அமைப்புகளின் தொகுப்பு) 1080பி, அதாவது 1080 வரி உயரமுள்ள படத்துக்கானது. இன்றைய கைபேசியையும் தொலைக்காட்சியையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது.

மென்பொருளைப் பற்றிச் சில சொற்கள். எரிக் பெத்தி என்பவர் 2003இல் பிஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கியது இது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. திறந்த மூல உரிமத்தில் வருவதால் கட்டணம், விளம்பரம், வெளிவரும் படத்தின் மூலையில் ஒட்டப்படும் முத்திரை எதுவும் கிடையாது. 1.0 என்ற எண்ணை எட்டவே அதற்கு 2016 டிசம்பர் வரை ஆயிற்று என்பதிலிருந்து, அதை நடத்துபவர்கள் அவசரப்படாதவர்கள் என்று புரிந்துகொள்ளலாம். பதிவிறக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 2017 மே மாதத்தில் அதன் பதிவிறக்கச் சேவையகங்களில் ஒன்றுக்குள் புகுந்த விஷமிகள், மேக் கணினிக்கான கோப்பை உளவு மென்பொருள் கலந்த கோப்பாகச் சில நாட்கள் மாற்றி வைத்திருந்தார்கள். ஆகவே ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர் என்ற அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குவதும், அங்கே தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வதும் நல்லது. புதிய பதிப்புகளுக்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது தேவை. பழைய கைபேசியோடு பழைய கணினியும் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு தடைதான்.

இந்த மதிப்பீட்டில் நான் மனத்தில் வைத்திருக்கும் கருவிகள் நான்கு வகை. 640க்கு 360 பிக்சல் திரையோடு 2008இல் வந்த நோக்கியா 5800 போன்ற, சிம்பியன் இயங்குதளக் கைபேசி. 320க்கு 240 பிக்சல் திரையும் ஆண்ட்ராய்டு 2.3உம் கொண்ட, 2011ஆம் ஆண்டின் சாம்சங் கேலக்ஸி ஒய் போன்ற தொடக்கநிலை ஆண்ட்ராய்டு. 2010ஆம் ஆண்டின் ஐபோன் 4. 2017இல் வந்து வீட்டுப் பெரியவர்கள் பலர் கையில் இன்னும் இருக்கும் ஜியோபோன். மாற்ற வேண்டிய வீடியோக்களோ பெரும்பாலும் இரண்டே வகைப்படும்: அலமாரியில் தூங்கும் கல்யாண டிவிடி, புதிய கைபேசியில் எடுத்த பள்ளி ஆண்டு விழா. இவை இரண்டும் எதிரெதிர்ச் சிக்கல்களைக் கொண்டுவருவதால் மென்பொருளைச் சோதிக்க மிகவும் பொருத்தமானவை.

முதலில் பார்க்க வேண்டியது வீடியோ பக்கத்தில் இருக்கும், படத்தைச் சுருக்கும் என்கோடரும் அதன் புரொஃபைலும். என்கோடர் பட்டியலில் எச்.265, விபி9, ஏவி1 என்று புதுப்பெயர்கள் நிறைய இருக்கும். குறைந்த இடத்தில் நல்ல தரம் தருவதும் அவைதான். ஆனால் பழைய கைபேசிக்கு அவற்றின் பக்கமே போகக் கூடாது. ஆண்ட்ராய்டில் எச்.265 ஆதரவு 5.0 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய கைபேசியில் அந்தக் கோப்பு திறக்காது, அல்லது தனிச் செயலி ஒன்று கைபேசியின் மூளையான பிராசசரின் உயிரை வாங்கிக்கொண்டு திக்கித் திக்கி ஓட்டும். எக்ஸ்264 என்று குறிக்கப்பட்டிருக்கும் எச்.264தான் நமக்கு வேண்டியது. அதன் பக்கத்திலேயே 10 பிட் எக்ஸ்264 என்று இன்னொன்றும் இருக்கிறது. பெயர் ஒத்திருப்பதால் கைதவறி அதைத் தேர்ந்துவிடுவது எளிது. பழைய கைபேசிச் சிப்புகளுக்கு அந்த 10 பிட் படம் சுத்தமாக விளங்காது.

எச்.264 என்று மட்டும் சொன்னாலும் போதாது. அதற்குள் பேஸ்லைன், மெயின், ஹை என்று படிநிலைகள் இருக்கின்றன. ஹை புரொஃபைலில் சுருக்கினால் அதே தரம் சிறிய கோப்பில் கிடைக்கும். அந்தச் சிக்கனத்துக்கு விலையாக, விரிக்கும் சிப்பு கூடுதலாக உழைக்க வேண்டும். பேஸ்லைனில், முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களைப் பார்த்துக் கணக்கிடும் பி ஃபிரேம்கள் இல்லை. கேபாக் எனப்படும் கடினமான குறியீட்டு முறையும் இல்லை. அதனால்தான் முதல் தலைமுறைக் கைபேசிகள் எல்லாம் பேஸ்லைனோடு நின்றுவிட்டன. ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ ஆவணத்தில்கூடத் தொடக்கத்தில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக உறுதிசெய்யப்பட்டது பேஸ்லைன் மட்டுமே. மெயின் புரொஃபைலை விரிப்பது 6.0 பதிப்பிலிருந்துதான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆப்பிளின் பக்கம் படிகள் இன்னும் தெளிவாக இருந்தன. 2007ஆம் ஆண்டின் முதல் ஐபோனுக்கு 640க்கு 480 அளவில் பேஸ்லைன்தான் எல்லை. ஐபோன் 4க்கு 720பி அளவில் மெயின். அதற்கடுத்த 4எஸ்ஸில்தான் 1080பியும் ஹை புரொஃபைலும் வந்தன. ஆகவே எந்தச் சிப்பு என்று தெரியாத கைபேசிக்குப் பேஸ்லைன் என்று வைத்துவிடுவதே என் பரிந்துரை. அதே தர எண்ணில் கோப்பு சற்றுப் பெருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மெமரி கார்டில் இடம் கிடைக்கும், சிப்பை மாற்ற முடியாது.

புரொஃபைல் பெட்டிக்கு அடுத்ததாக லெவல் என்று ஒரு பெட்டி இருக்கிறது. பலரும் தொடாமல் விட்டுவிடும் இந்தப் பெட்டிதான் என் பார்வையில் மிக முக்கியமானது. எச்.264 ஒவ்வொரு ஃபிரேமையும் 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. ஒரு நொடிக்கு எத்தனை கட்டங்கள் வரை வரலாம் என்பதற்கான உச்சவரம்பே லெவல். 1.3க்கு அது 11,880 கட்டங்கள், 3.0க்கு 40,500, 3.1க்கு 1,08,000. இந்த மூன்று எண்கள் கையிலிருந்தால் எந்தக் கைபேசிக்கு எந்த அளவு என்பதைத் தாளில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 320க்கு 240 படத்தில் அகலத்துக்கு 20, உயரத்துக்கு 15 என்று 300 கட்டங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 9,000. லெவல் 1.3க்குள் சௌகரியமாக அடங்கிவிடுகிறது. 640க்கு 360 என்றால் அகலத்துக்கு 40, உயரத்துக்கு 23; நொடிக்கு 27,600 கட்டங்கள், அதாவது லெவல் 3.0 போதும். 854க்கு 480 என்ற அளவில்தான் வேடிக்கை: நொடிக்கு 25 ஃபிரேமாக இருந்தால் மிகச் சரியாக 40,500 கட்டங்கள் வந்து 3.0இன் விளிம்பில் நிற்கும். அதையே 30 ஃபிரேம் ஆக்கினால் 48,600 ஆகி எல்லை தாண்டிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு வீடியோக்களில் ஒன்று ஓடி மற்றொன்று திக்குவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. புதிய கைபேசியில் நொடிக்கு 60 ஃபிரேமாக எடுத்த 1080பி ஆண்டு விழா வீடியோவை இதே கணக்கில் நிறுத்திப் பாருங்கள்: 4,89,600 கட்டங்கள். லெவல் 3.0 வரை மட்டுமே தாங்கும் சிப்பின் தலையில் பன்னிரண்டு மடங்குச் சுமையை ஏற்றுகிறோம். ஒரு நொடிக்குச் செலவிடும் தரவின் அளவான பிட் ரேட்டை எவ்வளவு குறைத்தாலும் இந்த எண்ணிக்கை ஒரு கட்டம்கூடக் குறையாது. கோப்பைச் சுருக்கியும் ஓடவில்லையே என்ற புலம்பலுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். லெவல் பெட்டியில் 3.0 என்று தேர்ந்துவிட்டால் ஹேண்ட்பிரேக் படத்தின் அளவைத் தானாகச் சுருக்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. பிட் ரேட்டின் உச்சம் போன்றவற்றை அது கட்டுப்படுத்தும். அகல உயரத்தையும் ஃபிரேம் எண்ணிக்கையையும் நாம்தான் குறைக்க வேண்டும்.

அதற்கான இடம் டைமென்ஷன்ஸ் பக்கம். திரைக்கு மேல் அளவு வைப்பதில் எந்தப் பயனும் இல்லை என்பது இங்கே பொதுவிதி. 320 பிக்சல் அகலத் திரையில் 720பி படத்தைக் காட்டினால் கண்ணுக்குக் கூடுதலாக எதுவும் தெரியாது, சிப்புதான் சூடாகும். அகலத்திரைப் படத்தின் மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டைகளை மென்பொருள் தானாகவே கண்டுபிடித்து வெட்டிவிடும். 2.35க்கு 1 விகிதமுள்ள படம் 640 அகலத்தில் 272 உயரமாகவும், 320 அகலத்தில் 136 உயரமாகவும் நிற்கும். தானியங்கி வெட்டு சில சமயம் இருட்டான காட்சிகளைப் பட்டை என்று எண்ணிக் கூடுதலாக வெட்டிவிடுவதுண்டு. முன்னோட்டப் படங்களில் சிலவற்றை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதே பக்கத்தில் அனமார்ஃபிக் என்று ஒரு பெட்டி இருக்கிறது. டிவிடியில் படம் 720க்கு 576 என்ற அளவில் பதிவாகி, காட்டும்போது 4க்கு 3 விகிதத்துக்கு இழுக்கப்படுகிறது. அந்த இழுக்கும் குறிப்பைக் கோப்புக்குள் வைத்துவிட்டால் புதிய கருவிகள் புரிந்துகொள்ளும். பழைய கைபேசிகள் பல அதைக் கண்டுகொள்ளாமல், உள்ளபடியே காட்டி மணமக்களை ஒல்லியாக ஆக்கிவிடும். எனவே அந்தப் பெட்டியை அணைத்துவிட்டு, 640க்கு 480 என்று சதுரப் பிக்சல்களாகவே மாற்றிவிடுவது உத்தமம்.

கல்யாண டிவிடியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் எடுக்கப்பட்ட பழைய கல்யாண வீடியோக்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேமாகப் பதிவானவை. ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகள் தனியாகவும் இரட்டைப்படை வரிகள் தனியாகவும் இரண்டு கணங்களில் பிடிக்கப்பட்டது. குழாய்த் தொலைக்காட்சியில் இது தெரியாது. கைபேசித் திரையில் தவில்காரரின் கை வேகமாக இறங்கும்போது விரல்கள் சீப்பின் பற்கள்போல் கோடுகோடாகப் பிளந்து தெரியும். தாலி கட்டும் நேரத்தில் அட்சதை பறக்கும்போது திரை முழுவதும் அதே கதைதான். இந்தக் கோடுகள் உறுத்தலாக இருப்பதோடு நிற்பதில்லை, சுருக்கும் மென்பொருள் அவற்றையும் படத்தின் நுணுக்கம் என்று எண்ணிப் பிட்டுகளை வீணாக்குகிறது. ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் பகுதியில் டீகோம்ப் அல்லது யாடிஃப் என்பதை வைத்தால் இது தீர்ந்துவிடும். டீகோம்ப், கோடு விழுந்த ஃபிரேம்களை மட்டும் தொட்டு மற்றவற்றை விட்டுவிடுவதால் எனக்கு அதன்மீதுதான் சாய்வு. சில முன்னமைவுகளில் இது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே பாப் என்றொரு தேர்வும் தென்படும். அது ஒரு ஃபிரேமை இரண்டாக்கி நொடிக்கு 50 ஃபிரேம் தரும். தொலைக்காட்சியில் அழகாக இருக்கும்; பழைய கைபேசியின் கட்டக் கணக்கையோ ஒரே அடியில் இரட்டிப்பாக்கிவிடும்.

டிவிடியைத் திறக்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அதற்குள் இருக்கும் விஓபி கோப்புகள் ஒரு ஜிகாபைட் அளவில் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியாகத் திறந்து மாற்றினால் முகூர்த்தம் பாதியில் அறுந்து அடுத்த கோப்பில் தொடரும். வீடியோ டிஎஸ் என்ற கோப்புறையை முழுமையாகத் திறந்தால் ஹேண்ட்பிரேக் அவற்றை ஒரே நிகழ்ச்சியாகச் சேர்த்துப் படித்துக்கொள்கிறது. கடையில் வாங்கிய திரைப்பட டிவிடிகளின் நகல் பூட்டை இந்த மென்பொருள் உடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த எதிர்பார்ப்போடு வருபவர்களுக்கு இது உரிய கருவி அன்று.

ஃபிரேம் எண்ணிக்கையில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மூலத்தில் 25 இருந்தால் 25ஆகவே விட்டுவிட வேண்டும். 30 ஆக்கினால் படம் வழுவழுப்பாகாது, அவ்வப்போது ஒரு ஃபிரேம் இரட்டித்துத் துள்ளும். 60 இருந்தால் 30 ஆக்குங்கள். கைபேசியில் எடுத்த வீடியோக்களில் இன்னொரு தொல்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. பழைய கைபேசிகளின் வீடியோ ஓட்டிகள் இதைச் சமாளிக்கத் தெரியாமல், பத்து நிமிடம் கழிந்ததும் உதட்டசைவு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் என்று ஆக்கிவிடுகின்றன. வீடியோ பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தால் சீராகிவிடும்.

தரத்தைக் குறிக்க ஹேண்ட்பிரேக் இரண்டு வழிகள் தருகிறது. ஆர்எஃப் என்ற எண்ணை வைத்தால், படம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு பிட்டுகளைக் கொடுத்துத் தரத்தைச் சீராக வைத்திருக்கும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். 480, 576 வரிப் படங்களுக்கு 18 முதல் 22 வரை என்று அதன் ஆவணமே பரிந்துரைக்கிறது. மூன்று அங்குலத் திரைக்கு நான் 22க்குக் கீழே இறங்குவதில்லை. 24 வரை போனாலும் அந்தத் திரையில் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டாவது வழி சராசரிப் பிட் ரேட். மெமரி கார்டில் இத்தனை மெகாபைட்தான் இருக்கிறது என்று தெரிந்தால் இது கைகொடுக்கும். ஆண்ட்ராய்டு ஆவணம் 480க்கு 360 அளவுக்கு 500 கிலோபிட் படமும் 128 கிலோபிட் ஒலியும் போதும் என்கிறது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு இது சுமார் 706 மெகாபைட் ஆகும். கணக்கு எளியது: இரண்டையும் கூட்டி, நொடிகளால் பெருக்கி, எட்டால் வகுத்தால் கிலோபைட்; அதை ஆயிரத்தால் வகுத்தால் மெகாபைட். சராசரி முறையைப் பயன்படுத்தினால் படத்தை ஒருமுறைக்கு மேல் அலசும் மல்டிபாஸ் பெட்டியையும் குறித்துவிடுங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் பேச்சு மட்டுமே உள்ள காட்சியில் பிட்டுகளை மிச்சம்பிடித்து ஆட்டக் காட்சிக்குக் கொடுக்கும். பழைய கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருப்பதால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அவை ஏற்காது என்பதையும் நினைவில் வைக்கலாம், இந்த அளவுகளில் அந்த எல்லையை நெருங்குவது அரிது என்றாலும்.

ஒலியில் ஏற்படும் கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான்: படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. மூலத்தில் டால்பி ஏசி3 ஒலி இருந்து, அதை மாற்றாமல் அப்படியே கடத்தும் பாஸ்த்ரூ தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். அதை விரிக்கும் வசதி பழைய கைபேசிகளில் பொதுவாகக் கிடையாது. ஆடியோ பக்கத்தில் ஏஏசி, ஸ்டீரியோ, 128 கிலோபிட் என்று வைத்துவிட்டால் எந்தக் கைபேசியும் முரண்டு பிடிக்காது. எச்ஈ ஏஏசி என்ற வகை குறைந்த பிட்டில் நன்றாக ஒலிக்கும் என்றாலும் பழைய ஓட்டிகளில் அதை நம்புவதற்கில்லை. ஐந்து ஒலிபெருக்கிக்கான ஒலியை இரண்டாகச் சுருக்கும்போது வசனம் அமுங்கிப்போவதுண்டு. கெய்ன் பெட்டியில் சில டெசிபெல் கூட்டிக்கொள்ளலாம். மிகவும் கூட்டினால் சிறிய ஒலிபெருக்கியில் நாகஸ்வரம் பிசிறடிக்கும்.

தமிழ் சப்டைட்டில் வேண்டுவோருக்கு ஹேண்ட்பிரேக்கில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று இருக்கிறது. எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பைச் சேர்த்து, ‘பர்ன் இன்’ என்று குறித்தால் எழுத்துகள் படத்தோடு படமாகப் பதிந்துவிடுகின்றன. பழைய கைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இருக்காது, கட்டம் கட்டமாகத் தெரியும்; இருந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கணினியிலேயே எழுத்துகளைக் கோத்துப் படத்தில் பதித்துவிட்டால் கைபேசிக்குத் தமிழ் தெரியவேண்டிய அவசியமே எழுவதில்லை. எஸ்ஆர்டி கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் குப்பைதான் பதியும். பதித்ததை நீக்க முடியாது என்பதால் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

சிறிய பெட்டிகள் சிலவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்பது இணையத்தில் ஓட்டும் கோப்புக்கானது, கார்டில் ஏற்றுவதற்கு வேண்டாம், இருந்தாலும் கெடுதலில்லை. ‘ஐபாட் 5ஜி’ பெட்டி 2005ஆம் ஆண்டு வகை ஐபாடு இன்னும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ‘ஃபாஸ்ட் டிகோட்’ பெட்டி, விரிக்கும் வேலையை இலகுவாக்கும் பொருட்டுக் கேபாக் முறையையும் கட்டங்களின் விளிம்பை மழுப்பும் வேலையையும் அணைக்கிறது. பேஸ்லைனிலும் திக்கினால்தான் இதைத் தொட வேண்டும், ஏனென்றால் படத்தில் கட்டங்கள் தெரியத் தொடங்கும். மாற்றும் வேகத்தைக் குறிக்கும் நகர்த்தியை ‘ஸ்லோ’ பக்கம் தள்ளினால் கணினிக்குத்தான் வேலை கூடும். கிராஃபிக்ஸ் அட்டையின் துணையோடு மாற்றும் என்கோடர்கள் மிக வேகமானவை. இவ்வளவு சிறிய படங்களுக்கு எக்ஸ்264ஏ போதிய வேகத்தில் முடித்துவிடுவதால் அவற்றை நான் பொருட்படுத்துவதில்லை.

குறைகளுக்கு வருவோம். பட்டன் கைபேசிகளில் சில 176க்கு 144 அளவில் எச்.263 என்ற பழைய முறையில் சுருக்கிய படத்தை 3ஜிபி (3GP) என்ற வடிவக் கோப்பாகக் கொடுத்தால் மட்டுமே ஓட்டும். ஹேண்ட்பிரேக் அந்த வடிவத்தைத் தருவதில்லை. ஏவிஐ வடிவத்தையும் அது எப்போதோ கைவிட்டுவிட்டது. எம்பி4, எம்கேவி, வெப்எம் ஆகியவையே அதன் முக்கிய வடிவங்கள். 3ஜிபி தேவைப்படுவோர் ஃபார்மேட் ஃபேக்டரி போன்ற மென்பொருளுக்கோ, கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்காதவர்கள் எஃப்எஃப்எம்பெக்குக்கோதான் போக வேண்டும். எச்.263இல் 128க்கு 96, 176க்கு 144, 352க்கு 288 என்பன போன்ற நிர்ணயித்த அளவுகள்தாம் செல்லும் என்பதை அங்கே மறக்கக் கூடாது. இன்னொரு குறை கோப்பின் பின்னொட்டு. அத்தியாயக் குறிகளோ சப்டைட்டிலோ சேர்ந்திருந்தால் சில அமைப்புகளில் கோப்பு எம்4வி என்ற பின்னொட்டோடு வெளிவரும். உள்ளடக்கம் ஒன்றே ஆனாலும் பழைய கைபேசியின் கேலரி அதை வீடியோ என்றே ஒப்புக்கொள்ளாது. விருப்பத்தேர்வுகளில் எப்போதும் எம்பி4 என்று வைத்துவிடலாம், அல்லது பின்னொட்டைக் கையால் மாற்றினாலும் ஓடும். அத்தியாயக் குறிகளையும் எடுத்துவிடுவது நல்லது. இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, எந்தக் கைபேசிக்கு எது என்று கேட்டு வழிநடத்தும் பகுதி மென்பொருளில் இல்லாததுதான். கருவிகளுக்கான முன்னமைவுகளில் ஆண்ட்ராய்டு 480பி போன்றவை இருக்கின்றன. அவற்றை வைத்துத் தொடங்கலாம். ஆனால் புரொஃபைலையும் லெவலையும் அளவையும் நாமே திறந்து பார்த்துத் திருத்தாமல் அவற்றை நம்பி இரண்டு மணி நேர மாற்றத்தைத் தொடங்க மாட்டேன்.

அதற்காகவே முன்னோட்ட வசதி இருக்கிறது. வீடியோவின் பல இடங்களில் ஒன்றிலிருந்து சில நொடிகளை மட்டும் நாம் வைத்த அமைப்பில் மாற்றித் தருகிறது. அசைவு மிகுந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஆண்டு விழா என்றால் குழு நடனம், கல்யாணம் என்றால் ஊர்வலம். கணினியில் அதைப் பார்த்துத் திருப்திப்படுவது வீண். ரேஞ்ச் பெட்டியில் ஓரிரு நிமிடத்தை மட்டும் குறித்து மாற்றி, கார்டில் ஏற்றி, அந்தக் கைபேசியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். படம் திக்கினால் முதலில் அளவைக் குறையுங்கள், பிறகு ஃபிரேம் எண்ணிக்கையை, கடைசியாகத்தான் பிட் ரேட்டை. திரை கறுப்பாக நின்றால் புரொஃபைலைச் சந்தேகியுங்கள். ஒலி இல்லையென்றால் பாஸ்த்ரூவை. கோப்பே பட்டியலில் வரவில்லையென்றால் பின்னொட்டையும், தமிழில் வைத்த கோப்புப் பெயரையும் பாருங்கள்.

சரியான அமைப்பு ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் கைபேசியின் பெயரிலேயே தனி முன்னமைவாகச் சேமிக்கலாம். மீதி வீடியோக்களை வரிசையில் நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக இரவு முழுவதும் மாற்றி வைத்துவிடும். அந்த முன்னமைவைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்ய முடியும் என்பதால், அதே கைபேசி வைத்திருக்கும் உறவினருக்கு அதை அனுப்பிவிட்டால் அவர் இத்தனை பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.